தராசில் வைத்த துப்பாக்கி

எனக்கு மறதியும் கிடையாது, மன்னிக்கிற குணமும் கிடையாது. இதைப் படிக்கிற நல்ல மனுஷர்கள் "விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்பார்கள் என்று தெரியும். விட்டுத் தொலைக்கிற ஆள் நான் இல்லை. என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், என் அம்மாவின் எதிரில் ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை அவன் வாயிலேயே திருப்பித் திணிக்க நான் காத்திருந்தேன், திணித்தும் விட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். முடிச்சூர் பக்கம் எங்கள் பழைய வீட்டில் பாகம் பிரித்தார்கள். நிலம் எல்லாம் எப்போதோ பிளாட் ஆகிவிட்டது, அதற்குப் பத்திரம் இருந்தது. மிச்சம் இருந்தது பித்தளைச் சாமான். அண்ணன் அரிசி மண்டி வைத்திருக்கிறான். மண்டியிலிருந்து மின்சாரத் தராசை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தான். "யாருக்கும் மனஸ்தாபம் வேணாம், தராசே சொல்லட்டும்" என்றான். அண்டா, குண்டான், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. எடை சரிபாதியாக வந்தால் பாகம் சரி. எங்கள் பங்காளிகளுக்குத் தராசு சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கடைசியாக இரண்டு துப்பாக்கிகள் வந்தன. தாத்தா காலத்தில் வாங்கிய சீமை இரட்டைக்குழல்கள். இரண்டும் அப்பாவின் லைசென்ஸில் இருந்தன, ஏனென்றால் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் சுடத் தெரியும். ஒன்று நீளக்குழல், இரண்டு பக்கத் தகட்டிலும் பூவும் வாத்தும் செதுக்கியது, பார்த்தாலே வாய் பிளக்கவைக்கும். இன்னொன்று குட்டை. அதன் பின்மரக்கட்டை கழுத்துப் பக்கம் எப்போதோ விரிசல் விட்டு, அப்பாவே பித்தளைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுப்போட்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அப்பா எடுத்துச் சுட்டது அதைத்தான்.

அவற்றையும் தராசில் ஏற்றினான். வாத்துத் துப்பாக்கி மூன்று கிலோ நானூறு. அப்பாவின் துப்பாக்கி மூன்று கிலோவுக்குப் பத்து கிராம் குறைச்சல். "வெயிட்டா கீறதுதான் ஸ்ட்ராங்கு. மூத்தவன் பங்கு எனுக்கு" என்று வாத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். பிறகு அப்பாவின் துப்பாக்கியை ஒற்றைக் கையில் தூக்கி ஆட்டிக் காட்டினான்.

"இத்தப் பாரேன், சித்தப்பா மாதிரியே கீது. எலும்பும் தோலுமா, கழுத்துல கட்டு வேற."

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் அப்பா போனது தொண்டை வியாதியில். கடைசி நான்கு மாதம் கழுத்தில் கட்டோடுதான் கிடந்தார். குளிப்பாட்டத் தூக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கனம்தான் இருந்தது. அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் அந்தக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு இது போதும், தூக்க லேசா இருக்கும்" என்று சொல்லி என் மடியில் வைத்தான். நான் வாங்கிக்கொண்டேன். அடப்பாவி, இந்த வீட்டிலேயே, இதே ஆட்கள் எதிரிலேயே, உன்னைச் சொல்லவைக்கிறேன் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சபதம் என்றால் தலைவிரிகோலமெல்லாம் தேவையில்லை. சும்மா உட்கார்ந்தபடியே செய்யலாம்.

என் வேலையைச் சொல்லவேண்டும். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் தினசரி வேலை. மூன்று டப்பா ஸ்பிரே. ஒன்றால் துடைப்போம். இரண்டாவது சிவப்புச் சாயம், அடித்துக் கால்மணி நேரம் விட்டால் விரிசலுக்குள் இறங்கிக்கொள்ளும். மேலே உள்ளதைத் துடைத்து மூன்றாவது வெள்ளைப் பூச்சை அடித்தால், உள்ளே ஒளிந்த சிவப்பு வெளியே கசிந்து கோடு காட்டிக்கொடுத்துவிடும். இருபது வருடமாக இதையே செய்கிறவளுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருந்தது. எஃகு உடைவது நடுவில் அல்ல, உள்மூலையில்.

படப்பைத் தோட்டத்தில் பன்றித் தொல்லை என்று காட்டி அண்ணன் சீக்கிரமே லைசென்ஸ் வாங்கிவிட்டான், என் பெயருக்கு வர ரெண்டு வருடம் ஆயிற்று. "எதுக்கும்மா ஒங்களுக்குத் துப்பாக்கி?" என்று விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். அப்பாவுடையது என்றேன், அதற்கு மேல் சொல்லவில்லை. அதுவரை சட்டப்படி துப்பாக்கியை நகரத்தில் ஒரு ஆயுதக் கடையில் ஒப்படைத்து வைத்திருந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று வாங்கப் போனபோது அந்தக் கடையின் ரிப்பேர்காரர் அதைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார்.

"மேடம், இத்த வித்துடாதீங்கோ. இந்த சைஸுல இவ்ளோ கெட்டியான துப்பாக்கிய நான் பாத்ததில்ல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கெட்டியா, இதுவா என்றேன்.

குழலைக் கழற்றிவிட்டு நடுவில் இருக்கிற எஃகு உடம்பைக் காட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் ட எழுத்து மாதிரி இருக்கிறது. நிமிர்ந்து நிற்கிற கோடு தோட்டாவின் அடியை வாங்குகிற சுவர். படுத்திருக்கிற கோட்டின்மேல் குழல் உட்காருகிறது. வெடிக்கும்போது தோட்டா சுவரைப் பின்னால் தள்ளும், குழல் முன்னால் இழுக்கும். ட-வை யாரோ நிமிர்த்தப் பார்க்கிற மாதிரி, மொத்த வலியும் அந்த உள்மூலையில் வந்து விழும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஆபீசில் இருப்பதுபோலவே இருந்தது.

"சுத்தியல அடிக்கிற ஸ்பிரிங்க எங்க வெச்சிகீறான்றதுதான் விஷயம்" என்றார். "சில மாடல்ல பக்கத் தகட்டுல முன்னால வெப்பான். அப்போ படுத்த எரும்பத் தோண்டி எடம் பண்ணணும். வழுவழுன்னு திறக்கும், ஸோக்கா இருக்கும், ஆனா எரும்பு மெலிசாப் பூடும். ஒங்களுது ஸ்பிரிங்கு பின்னால கீது. எரும்பத் தொடவே இல்ல, பூரா கெட்டி. அதுக்குப் பதிலா கட்டையத் தோண்டிட்டான். அதான் கழுத்துல மரம் விரிஞ்சிகீது. மரம் விரிஞ்சா கட்டிக்கலாம் மேடம். எரும்பு விரிஞ்சா கட்ட முடியாது."

"பொட்டி மாடல்னு ஒண்ணு கீது, மிஷினு முச்சூடும் உடம்புக்குள்ளயே இருக்கும். அத்தக் குடைஞ்சாலும் உடம்பயே தடிமனாப் பண்ணிடுவான், தாங்கும்" என்றும் சொன்னார். எடை முக்கியமில்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் ரெண்டு வருடமாக நான் உயிரோடு இருந்ததாகத் தோன்றியது. "வெயிட்டு வேணும். வெயிட்டா இருந்தா தோள்ல ஒதை கம்மியா இருக்கும். ஆனா அந்த வெயிட்டு எங்க கீதுன்னு பாக்கணும். நீளக் குழல்ல இருந்தா, கட்டையில இருந்தா, மூலைக்கு அதுல இன்னா லாபம்?"

நான் மெதுவாக வாத்துத் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னேன். பூ, வாத்து, நீளக்குழல். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"அது ஒங்க வூட்டுதா? ரொம்ப வருஷம் மின்ன இங்க வந்துச்சி, நானே கழட்டிகீறேன். முன் ஸ்பிரிங்கு. குழல் நீளமா கீதுன்னு முன்னால தொங்கும், அதுக்காவ பின்கட்டைக்குள்ள ஓட்டை போட்டு ஈயக் குண்ட துணியில சுத்தி ரொப்பி வெச்சிகீறான். அழகுத் துப்பாக்கி மேடம், லைட் தோட்டா போட்டு வெச்சிக்கலாம். ஹெவி போட்டா மூலை புட்டுக்கும். புட்டுக்கிச்சின்னா புடிச்ச கையும் போவும், பக்கத்துல நிக்கறவங்க கண்ணும் போவும். அவுங்ககிட்ட சொல்லிடுங்கோ."

"சொல்றேன்" என்றேன்.

தாம்பரம் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தேன். ஈயம்! தராசில் ஏறி உட்கார்ந்து மூத்தவன் பங்கு என்று சொன்னது கந்தல் துணியில் சுற்றின ஈயம்! பல்லாவரம் தாண்டும்வரை சிரிப்பு அடங்கவில்லை. எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று ராத்திரியே போன் போட்டிருக்கலாம். போடவில்லை. போனில் சொன்னால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு ரகசியமாகத் துப்பாக்கியைப் பூட்டிவைத்துவிடுவான். யார் பார்ப்பார்கள்? சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கவேண்டும், அந்தத் தராசும் இருக்கவேண்டும். எல்லாமும் ஒன்றாக இருக்கிற நாள் வருடத்தில் ஒன்றே ஒன்றுதான், பழைய வீட்டின் ஆயுத பூஜை. மண்டித் தராசுக்கும் மண்வெட்டிக்கும் துப்பாக்கிக்கும் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்த வருடப் பூஜை அப்போதே முடிந்துபோயிருந்தது. அடுத்த வருடம் பங்காளி வீட்டுத் தீட்டு, பூஜை இல்லை. அதற்கும் அடுத்த வருடம் என் அம்மாவே போய்விட்டாள். அந்த வருடமும் இல்லை. நான் அவசரப்படவில்லை.

அம்மா போனதைச் சொல்லும்போது அண்ணியைச் சொல்லாமல் இருக்கமுடியாது. அண்ணனின் பெண்டாட்டி. அவன் குணத்துக்கும் அவள் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை, அப்படி ஒரு மனுஷி. அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து சேலையூரில் என் வீட்டில் கிடந்த ஏழு மாதமும் நான் வேலைக்குப் போனதும் அவள் பஸ் பிடித்து வந்துவிடுவாள். கழுவி, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, சாயந்திரம் போவாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் எதையாவது போட்டுக் கொடுப்பேன், அவள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி அனுப்புவாள். ஒன்றும் இல்லாத நாளில்கூட ஒரு பிடி சர்க்கரையோ ரெண்டு கொத்து கறிவேப்பிலையோ போட்டுத்தான் மூடுவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று எங்கள் பக்கம் அர்த்தம்.

ஒருநாள் அம்மாவின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "காது ரெண்டும் கொய்யுன்னு கீதும்மா. ஒங்கண்ணன் படப்பைத் தோட்டத்துல விடிகால பன்னி வெரட்ட சுடுதில்ல, தோட்டாப் பைய புடிச்சிகினு நான்தான் பக்கத்துல நிக்கணும். இப்ப புதுசா ஹெவி தோட்டா வேற." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு எதையும் நான் சொல்லியிருக்கவில்லை, சொன்னால் அன்றைக்கே அண்ணியிடம் ஒப்பித்துவிடுவாள்.

போன வருடம் ஆயுத பூஜை வந்தது. நான் ஆபீஸ் பையில் மூன்று டப்பாக்களையும், திருப்புளி ஒன்றையும் போட்டு, அப்பாவின் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனேன். கூடம் நிறைய ஜனம். பாகம் பிரித்த அன்று இருந்த அதே சித்தப்பாக்கள், அதே அத்தைகள், ஆளுக்கு ரெண்டு நரை கூடியிருந்தது. தராசுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் வாத்துத் துப்பாக்கி பளபளவென்று கிடந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணன், "படப்பைக்கு வாங்கோ எல்லாரும், நாலு ரவுண்டு போட்டுக் காட்றேன். எவ்ளோ ஹெவி தோட்டா போட்டாலும் அசையாது நம்மளுது" என்றான்.

"ண்ணா, எங்க கம்பெனில பண்ற டெஸ்ட் ஒண்ணு கீது" என்றேன். "பூஜையோட பூஜையா ரெண்டு துப்பாக்கிக்கும் போட்டுடலாமா?"

"போடு போடு. புட்டுகினு வர்றது ஒன்னுதாத்தான் இருக்கும்."

குழல்களைக் கழற்றி, குங்குமத்தைத் துடைத்து, இரண்டின் உள்மூலையிலும் சிவப்பை அடித்தேன். கால்மணி நேரம். சுண்டலும் பொரியும் வந்தது. அதற்குள் ரிப்பேர்காரர் சொன்ன ட கதையை எல்லாருக்கும் சொன்னேன், தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினேன். அண்ணன் பொரியை மென்றுகொண்டே "ஆபீஸ்ல ஒனக்கு வேல இல்ல போல" என்றான்.

பிறகு அவனுடைய துப்பாக்கியின் பின்தகட்டில் இருந்த ரெண்டு திருகாணிகளைக் கழற்றிக் கவிழ்த்தேன். கருத்துப்போன துணி மூட்டை ஒன்று தொப்பென்று விழுந்தது. மாலையை எடுத்துவிட்டு அதைத் தராசில் வைத்தேன். நானூற்று அறுபது கிராம். ஈயம் போன வாத்துத் துப்பாக்கியைப் பாகம் பாகமாக வைத்தேன். அப்பாவுடையதைவிட ஐம்பது கிராம் குறைச்சல்! அன்றைக்குச் சிரித்த சித்தப்பா ஒருவர் இன்றைக்கும் சிரித்தார், ஆனால் இந்த முறை அண்ணனைப் பார்த்து.

சாயத்தைத் துடைத்து வெள்ளையை அடித்தேன். அப்பாவின் துப்பாக்கி சுண்ணாம்படித்த சுவராக அப்படியே நின்றது. வாத்திலும் ஒன்றும் வரவில்லை. விரிசல் இல்லாமல் போய்விடுமோ என்று பதறினேன், உள்ளதைச் சொல்கிறேன், இருக்கவேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டேன். ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம். பிறகு சரியாக அந்த மூலையில் தலைமுடி கனத்துக்குச் சிவப்பு கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டைவிரல் நீளத்துக்குக் கோடாயிற்று.

"இன்னும் நாலு ரவுண்டு போட்டிருந்தா கை போயிருக்கும்" என்றேன். "இப்ப சொல்லுண்ணா. எது எலும்பும் தோலும்? எதுக்குக் கழுத்துல கட்டு?"

அவன் கிட்டே வந்து குனிந்தான். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன்னுதுதாம்மா ஸ்ட்ராங்கு" என்றான், தரையைப் பார்த்து. சத்தமாச் சொல்லு, அங்கே சிரிக்கிற சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை என்றேன். மறுபடி சொன்னான். "ஒங்கப்பாவப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது." அடேயப்பா, என்ன குளிர்ச்சி! ஐந்து வருடம் நெஞ்சில் எரிந்தது அந்த நொடியில் அணைந்தது. அம்மா இல்லையே என்ற ஒன்றுதான் குறை.

அண்ணி பொரித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். "இது ஒனக்கு எப்பலேந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"மூணு வருஷமா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எவ்வளவு பொறுமை பாருங்கள் என்கிற மாதிரி.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நான் பக்கத்துல நிக்கறது ஒனக்குத் தெரியும். நான்தான சொன்னேன். ஒங்கம்மாவுக்குத் தல தொவட்டிகினே சொன்னேன்."

ரிப்பேர்காரர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது, பக்கத்தில் நிற்கிறவர் கண். நான் மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எனக்கு மறதி கிடையாது என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அண்ணி என்னைத் திட்டவில்லை. சிந்திக் கிடந்த பொரியைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

வாத்துத் துப்பாக்கி இப்போது ஆயுதக் கடையில் கிடக்கிறது, இனி யாரும் சுடமாட்டார்கள். அண்ணன் எங்கே பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறான், பார்க்கப் பார்க்க எனக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது. அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதில் மாற்றமில்லை. அண்ணிக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

பூஜைக்கு நான் தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோயிருந்தேன். வரும்போது அதை எடுத்துவரவில்லை. எட்டாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தபோது தூக்கு என் வீட்டுக் கேட்டில் மாட்டியிருந்தது. அடிப்பாவி, வந்துவிட்டாளே என்று ஓடிப்போய் எடுத்தேன். கையில் எடுத்ததுமே கனம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அங்கேயே நின்று மூடியைத் திறந்து பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தாள். உள்ளே ஒரு கறிவேப்பிலைக் காம்புகூட இல்லை.